புதுவரவு அடுக்கின் முன்னால்

கிளை நூலகர், மயிலாடுதுறை மாவட்டம்

மாவட்ட மைய நூலகத்திலிருந்து புதுப் புத்தகக் கட்டு வந்து இறங்கும் நாள் எனக்குப் பாதித் திருவிழா, பாதி முதுகுவலி. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி முடிப்பதற்குள் விரல்களெல்லாம் ஊதாவாகிவிடும். பிறகுதான் பிரிப்பு. படக்கதை, பாட்டு எல்லாம் சிறுவர் பகுதிக்கு. நாவல், கட்டுரை, சமையல், சித்த மருத்துவம் பொதுப் பகுதிக்கு. போட்டித் தேர்வு நூல்களை அடுக்க வேண்டிய வேலையே இல்லை. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

போன ஜூனில் அப்படி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். சிறுவர் அடுக்கிலிருந்து ஒரு படப்புத்தகத்தை எடுத்தாள், புரட்டாமலேயே வைத்தாள். பொது அடுக்கில் ஒரு தடித்த நாவலின் பின்னட்டையைப் படித்தாள், அதையும் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இதில் எனக்கு எது அக்கா?” என்றாள்.

அத்தனை பெரிய கட்டில் அவளுக்கென்று ஒன்றுமில்லை. ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்பது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கென வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று. நூலக அறிவியல் தேர்வில் அந்த ஐந்தையும் வரிசை பிசகாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அவர் ஊருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணை வெறுங்கையோடு அனுப்பப் பார்த்தேன்.

கடைசியில், கீழடி பற்றித் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட சிறு நூலை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது புதுவரவுகூட இல்லை. மறுநாள் மாலை பள்ளி விட்டதும் நேராக வந்துவிட்டாள். “அக்கா, பானை ஓட்டில் ஆதன் என்று பெயர் கீறி வைத்திருக்கிறார்களே, எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தில் அம்மாச்சி பெயர் வெட்டியிருக்கிற மாதிரிதானே?”

அன்றைக்கே பொதுப் பகுதியிலிருந்து பயண நூல்கள், விளையாட்டு வீரர்களின் தன்வரலாறுகள், பறவை நூல்கள், மொழிபெயர்ப்புக் கதைகள் என்று பொறுக்கி, அரை அடுக்கு ஒன்றைத் தனியாக வைத்து ‘13–17’ என்று அட்டையும் ஒட்டினேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஒரு தகப்பன், சென்னை

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஜனவரிப் புத்தகக் காட்சி. பன்னிரண்டு வயது மகனுக்கு வாங்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். அறிவியல் நான்கு, வரலாறு இரண்டு, பொது அறிவு ஒன்று. எவ்வளவு நல்ல தகப்பன் பாருங்கள். மூன்றாவது வரிசையில் பையனைக் காணவில்லை. தேடிப் போனால் முத்து காமிக்ஸ் கடை வாசலில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய காமிக்ஸ் அது. எண்பதுகளில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி, கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவன் நான். இப்போது வழவழப்பான தாளில், முழு வண்ணத்தில், கெட்டி அட்டையோடு வருகிறது. விலையைப் பார்த்ததும் பத்து சதவீதக் கழிவு போக எவ்வளவு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. வாங்கினேன். என் பட்டியலில் இரண்டை அடித்துவிட்டேன். பஸ்ஸில் நான் முதல் பக்கத்தைத் திறந்ததும் பையன் கையை நீட்டி மூடினான். “அப்பா, முதலில் நான்.”

நடுநிலைப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் எங்கள் பள்ளிக்கும் வந்தன. மெல்லிய கதைப் புத்தகங்கள். வகுப்பின் பெயரைப் போடாமல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். பெயர் வைத்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகளை ஏமாற்ற முடியுமா? ‘நுழை’ என்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கு என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். மீசை அரும்பத் தொடங்கிவிட்டது, வாசிப்பு இன்னும் தட்டுத் தடுமாறித்தான். எல்லோரும் எடுத்து முடிக்கும்வரை ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருப்பான். ஒரு நாள் மதியம் தனியாக வந்து, “டீச்சர், தங்கச்சிக்கு ஒன்று வேண்டும்” என்றான். கொடுத்தேன். வாரம் இரண்டு வீதம் தங்கச்சி படித்துக்கொண்டே இருந்தாள். டிசம்பரில் ‘ஓடு’ கேட்டாள்.

அவனுக்குத் தங்கை கிடையாது என்பது வருகைப் பதிவேட்டை வைத்திருக்கிற எனக்குத் தெரியாதா என்ன!

ஓய்வுபெற்ற தபால்காரர், ஈரோடு

டீச்சரம்மா, அந்தப் பையனும் நானும் ஒரே கட்சி.

கண்புரை அறுவை முடிந்த பிறகும் பொடி எழுத்து எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கான புத்தகங்களைக் காகித விலைக்குப் பயந்து எறும்பு வரிசையாக அச்சிடுகிறார்கள். ஆகஸ்டில் எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழாவில் சும்மா சுற்றிவரும்போது ஒரு படப்புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்துக்கு நான்கே வரி, ஒவ்வோர் எழுத்தும் கடலை உருண்டை அளவு. ஒரு கிழவி, ஒரு ஆடு, ஒரு மழைநாள், அவ்வளவுதான் கதை. நின்றபடியே முடித்தேன். ஒரு முழுப் புத்தகத்தைப் படித்து முடித்து எத்தனையோ வருடமாகியிருந்தது. கடையில் இருந்த பெண், “பேரனுக்கா தாத்தா?” என்றாள். ஆமாம் என்றேன். பேரன் மெல்பர்னில் பொறியாளர்.

இப்போது முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. படம் போடுகிறவர்கள் நன்றாகவே போடுகிறார்கள். எழுதுகிறவர்களில் சிலருக்குத்தான் கடைசிப் பக்கம் வந்ததும் கை அரிக்கிறது. புத்தி சொல்லாமல் விடமாட்டார்கள். அந்தப் பக்கத்தை நான் படிப்பதில்லை.

பதினோராம் வகுப்பு மாணவி, மதுரை

நூலகர் அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த ‘13–17’ அட்டையைக் கிழித்துவிடுங்கள்.

அந்த அடுக்கின் முன்னால் நின்றால் எல்லோருக்கும் என் வயது தெரிகிறது. நான் வழக்கமாகப் போகும் நூலகத்தில் ஒரு நாவலை எடுத்துப் போனபோது, மேசையில் இருந்தவர் பெயரைப் பார்த்துவிட்டு, “இது உனக்கு வேண்டாம்மா, வீட்டில் யாராவது வந்தால் கொடுக்கிறேன்” என்றார். அப்படி அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே பாட்டியின் கார்டில் எடுத்தேன். கணவனை இழந்த ஒருத்தி தையல் கடை வைக்கும் கதை. அதிலே மறைக்க ஒன்றுமே இல்லை, எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் பாட்டி அதை எடுத்து இரண்டே நாளில் முடித்துவிட்டு, “இதன் இரண்டாம் பாகம் இருக்கிறதா, கேட்டு வா” என்கிறார்.

எங்களுக்கென்று எழுதுகிறவர்கள் தமிழில் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். நல்ல சிலர் இப்போது வருகிறார்கள். அதுவரை எல்லா அடுக்கையும் திறந்து வைத்தால் போதும், நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

கிளை நூலகர், மயிலாடுதுறை மாவட்டம்

கோபமெல்லாம் இல்லை, தங்கச்சி. அட்டையைக் கழற்றிவிட்டேன். அடுக்கு அதே இடத்தில் பெயரில்லாமல் இருக்கிறது. முதல் நாளே அதிலிருந்து பறவை நூலை எடுத்தவர் அறுபது வயது ஆட்டோ ஓட்டுநர்.

ஈரோட்டுத் தபால்காரத் தாத்தாவை நினைத்துச் சிறுவர் பகுதியில் பெரியவர் உட்காரும் உயரத்தில் ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறேன். மேலதிகாரி பார்த்துக் கேட்டால் உடைந்த நாற்காலி என்று சொல்லிக்கொள்ளலாம். கீழடிப் புத்தகம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அம்மாச்சி படித்துக்கொண்டிருக்கிறாராம்.