மலாவிப் பிள்ளைகளுக்காக மன்னார்குடியில் அறக்கட்டளை தேவையா?

பாமணியாறு:
ஆப்பிரிக்க நாடான மலாவியில் பிளாண்டயர் பக்கம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காலையில் குவளையோடு கஞ்சிக்கு வரிசையில் நிற்பார்கள். மக்காச்சோளமும் சோயாவும் போட்ட கஞ்சி. ஒரு சிறுமி பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் கையால் மூடித் தம்பிக்கு எடுத்துப் போனாள். 2002 பஞ்சத்தில் அந்த நாட்டுக்குப் போன ஸ்காட்லாந்துக்காரர் மேக்னஸ் மேக்ஃபார்லேன்-பேரோ, வயிறாரச் சோறும் பள்ளிக்கூடமும் போதும் என்று ஒரு சிறுவன் சொல்லக் கேட்டுத் தொடங்கியதுதான் பள்ளியில் உணவு தரும் 'மேரிஸ் மீல்ஸ்' தொண்டு அமைப்பு. ஆரம்பத்தில் 200 பிள்ளைகள், இன்று பல லட்சம். நானும் ஒரு டிரஸ்ட் தொடங்கி, அங்கே ஒரு பள்ளிக்காவது கஞ்சி ஊற்றப் போகிறேன்.

கோட்டூர் விவசாயி:
தம்பி, நல்ல மனசு. ஆனால் 2018 கஜா புயலுக்குப் பிறகு, கடனுக்காகப் பிள்ளைகளை ஆடு மேய்க்க அடமானம் வைத்த செய்திகள் நம் பக்கத்தில்தான் வந்தன. சம்பா அறுத்த வயலில் எருவுக்காக ஆட்டுக் கிடை போட, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் காசு கொடுக்கிறோம். ஆட்டோடு வெறுங்காலில் நிற்கிற பையன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று யார் கேட்கிறோம்? வறுமையைப் பார்க்க விமானம் ஏற வேண்டுமா?

பாமணியாறு:
அண்ணே, 2004 சுனாமிக்கு நாகப்பட்டினம் கரைக்கு எத்தனை நாட்டுக்காரர்கள் வந்தார்கள்! உங்கள் ஊர் ஏழைகளை முதலில் பாருங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினோமா? முதல் உலகப் போர் முடிந்த கையோடு, முற்றுகையால் பட்டினி கிடந்த ஆஸ்திரிய, ஜெர்மன் பிள்ளைகளுக்காக எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண் லண்டனில் துண்டறிக்கை கொடுத்தார். எதிரி நாட்டுப் பிள்ளைகள்தான். கைது செய்து அபராதமும் போட்டார்கள். அதே 1919-ல் 'சேவ் தி சில்ட்ரன்' என்ற குழந்தைகள் உதவி அமைப்பு பிறந்தது.

கோட்டூர் விவசாயி:
வந்தவர்களை மறக்கவில்லை தம்பி. ஆனால் படகு தேவைக்கு மேல் வந்து குவிந்தது. உப்பேறிய வயலில் வேலை போன கூலிக்காரர்கள் பலரை யாரும் கண்டுகொள்ளவில்லை. வெளியூர்க்காரன் கண்ணில் முதலில் படுவதுதான் அவனுக்குத் தேவையாகத் தெரியும். உங்களுக்கும் அங்கே அதுதான் நடக்கும் என்று பயப்படுகிறேன்.

கும்பகோணம் கணக்கர்:
ஒரு நடைமுறை விஷயம். இங்கே பதிவான டிரஸ்ட் வெளிநாட்டில் செலவழிக்கும் தொகைக்கு வருமான வரி விலக்கு பொதுவாகக் கிடைக்காது. வரி வாரியத்தின் தனி உத்தரவு வேண்டும். அங்கே ஏற்கெனவே நடக்கிற அமைப்புக்கு உங்கள் சொந்தப் பணத்தை அனுப்புங்கள். அப்புறம், யார் சொன்னாலும் அநாதை இல்லம் மட்டும் கட்டாதீர்கள். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ இருந்தார்கள்.

கீழ்வேளூர் டீச்சர்:
காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிவாக்கியது நம் திருக்குவளையில்தான். அரசு செய்கிற வேலை அது. மலாவியில் அரசுக்கு அந்த வசதி இல்லை என்றால் பாமணியாறு கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் அவர் பக்கம்.

பாமணியாறு:
சரி, டிரஸ்ட் வேண்டாம், பணமாகவே அனுப்புகிறேன். மலாவியை விடுவதாக இல்லை. அண்ணே, அடுத்த கிடை எந்த ஊரில் போடுகிறார்கள்? நானும் வருகிறேன். பள்ளி வயதுப் பையன் இருந்தால் அங்கிருந்தே குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுவோம்.