நாவலில் ஒளிந்திருக்கும் குறியீடு: சாவி நீளம் கிடைத்தும் உடைக்க முடியவில்லை

ஒரு ஆங்கில மாயாஜால நாவலில் அத்தியாயத் தலைப்புகளுக்குக் கீழே அலங்காரம் போலக் குறிகள் ஓடுகின்றன. 28 அத்தியாயம், தலா 15 குறி, மொத்தம் 420. வெவ்வேறு குறிகள் 26. மூன்று வாரமாக இதே வேலையாக இருக்கிறேன்.

எல்லா எழுத்தையும் ஒரே அளவு நகர்த்தும் சீசர் முறை, ஒரு எழுத்துக்கு எப்போதும் ஒரே குறி என்ற நேரடி எழுத்து மாற்று இரண்டும் பார்த்தாயிற்று. ஆங்கிலத்தில் அதிகம் வரும் 'இ' (e) எழுத்தைப் போல எந்தக் குறியும் எண்ணிக்கையில் முந்தவில்லை. ஆனால் பிறை, புள்ளி வைத்த வட்டம், இரட்டைக் கோடு என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. இடைவெளி 42, 63, 105. இந்த இடைவெளிகளை மீதியின்றி வகுக்கும் எண்ணே சாவிச் சொல்லின் நீளம் என்று பார்க்கும் காசிஸ்கி முறைப்படி சாவி 3, 7 அல்லது 21 எழுத்து. வரிக்கு ஏழு குறியாக எழுதி ஏழு நெடுவரிசையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் தனி மாற்று போலவே நடந்துகொள்கிறது. சாவியின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஏற்ப வெவ்வேறு அளவு நகர்த்தும் விஜினேர் முறை என்றே நம்புகிறேன். நெடுவரிசைக்கு 60 குறிதான், தனித்தனியாக உடைக்கப் போதவில்லை.

குறிகளின் அகரவரிசையே தெரியாதபோது, நெடுவரிசைகளை ஒப்பிட்டு அந்த வரிசையை மீட்பது எப்படி?