பம்புசெட்டுக்கு மீட்டர்: டெல்டாவில் யாருக்கு நஷ்டம்?

வெண்ணாறு:
2021 ஆகஸ்டில் பழனிவேல் தியாகராஜன் நிதியமைச்சராக இருந்தபோது வெளியிட்ட வெள்ளை அறிக்கைப்படி, 2020-21இல் மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று வழக்கமான செலவுக்கே கடன். அணை கட்டக் கடன் வாங்கினால் சரி, மளிகைக்கு வாங்கலாமா? அதற்காக விவசாயிக்கு இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மீட்டர் மட்டும் போடச் சொல்கிறேன். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். எத்தனையோ பம்புசெட்டில் மீட்டரே கிடையாது. எவ்வளவு ஓடுகிறது என்று அளக்காமலே மின்வாரியத்துக்கு அரசு மானியம் கட்டுகிறது. வாரியம் தன் இழப்பையும் திருட்டையும் நம் தலையில் எழுதினால் யார் கேட்பது?

ஒரத்தநாட்டான்:
மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும். ஜெயலலிதா ஆட்சியில் கட்டணம் போட்டார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற பிறகுதான் இலவசம் திரும்ப வந்தது. பற்றாக்குறையைக் குறைக்க வேண்டுமா, அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்கு வாருங்கள், வீணாவது அங்கேதான். மழையில் நனைந்த நெல் களத்திலேயே முளைவிட்டுக் கிடக்கும். எங்கள் ஊரில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று தள்ளுவார்கள். சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, இவ்வளவு என்று கையில் கொடுத்தால் அதே நெல் காய்ந்துவிடும்!

தலைஞாயிறு:
ரெண்டு பேரும் எங்களை மறந்துவிட்டீர்கள். நாங்கள் கடைமடை, வாய்க்காலின் கடைசி. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் எப்போது வரும் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்க வேண்டும். போர்வெல் போட்டால் உப்புத் தண்ணீர். நல்ல நிலத்தடி நீர் இருப்பவருக்குத்தான் இந்த மானியம். ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் வங்கியில் போடட்டும்.

ஒரத்தநாட்டான்:
யார் வங்கியில்? பட்டா இருப்பவர் சென்னையில் இருப்பார், குத்தகைக்காரர் வயலில் நிற்பார். நிவாரணத்துக்கே அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்க அலையவிடுகிறார்கள். இன்றைக்கு மோட்டார் யார் பெயரில் இருந்தாலும் தண்ணீர் உழுகிறவனுக்குப் பாய்கிறது. பணமாக்கினால் அதுவும் போச்சு.

வெண்ணாறு:
அப்படியானால் முதலில் குத்தகையைப் பதியுங்கள். 1969லேயே அதற்குச் சட்டம் இருக்கிறது.

ஒரத்தநாட்டான்:
பதியப் போனால் நிலக்காரர்கள் அடுத்த போகத்துக்கே ஆளை மாற்றிவிடுவார்கள் சார். வாய்மொழிதான் இங்கே.

வெண்ணாறு:
சரி, பணம் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் மீட்டர் மாட்டினால்? தனியாள் யாருக்கும் பில் போட முடியாது. எவ்வளவு போகிறது என்றாவது தெரியும்.

ஒரத்தநாட்டான்:
அங்கே மாட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் கொட்டகைக்குள் வரக் கூடாது.

தலைஞாயிறு:
எங்களுக்கு வாய்க்காலைத் தூர்வாருங்கள், போதும்.