பழைய கார் நேவிகேஷன்: அம்புக்குறி ரோட்டை விட்டு ஓடுகிறது, உதவுங்கள்

அவசரம்90: காரில் இருக்கும் நேவிகேஷனுக்குத் திடீரென்று கிறுக்குப் பிடித்துவிட்டது. திருப்பம் வருவதற்குள் அம்புக்குறி அதைத் தாண்டிப் போய் வெற்றிடத்தில் நிற்கிறது. தேதியும் தப்பு. போனைப் பார்த்து ஓட்டச் சொல்லாதீர்கள், எனக்கு இதுதான் வேண்டும். சீக்கிரம்!

நட்டுபோல்ட்டு: என்ன வண்டி, எந்த வருடம்? மேப் சிடியில் வருவதா, டிவிடியா?

விண்மீன்: தேதி 20 வருடம் பின்னால் காட்டுகிறதா? அப்படியென்றால் வார எண் கோளாறுதான், சந்தேகமே வேண்டாம். ஜிபிஎஸ் 1024 வாரம், அதாவது கிட்டத்தட்ட 20 வருடம், எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் ஒருமுறை.

அவசரம்90: 1996 மாடல், சிடி. ஆமாம், 20 வருடம்தான்! அப்போ பெட்டியே போச்சா?

கியர்வாத்தியார்: வார எண்ணுக்குத் தேதி கெடும், அம்பு ஏன் ஓடப்போகிறது? இதைப் பலமுறை எழுதியாயிற்று, தேடிப் படிக்கத்தான் இங்கே ஆளில்லை. 2000 மே வரை அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. 100 மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். அதனால் அந்தக் காலப் பெட்டிகள் செயற்கைக்கோளை மட்டும் நம்பவில்லை. சக்கரம் சுற்றும்போது வரும் பல்ஸை எண்ணித் தூரம், வண்டி திரும்புவதை உணரும் கைரோவில் திசை, அப்புறம் இரண்டையும் மேப்போடு ஒட்டிப் பார்ப்பது. டயர் மாற்றினீரா தம்பி?

பழையஇரும்பு: செயற்கைக்கோளே இல்லாமல் ஹோண்டா 1981லேயே செய்துவிட்டதே. வாயுவால் இயங்கும் கேஸ் கைரோ, திரைக்கு முன்னால் செருகும் மேப் ஷீட். அதுதான் முதல் கார் நேவிகேஷன்.

விண்மீன்: ஷீட் செருகுவதெல்லாம் நேவிகேஷனா? 1990இல் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ கார்தான் ஜிபிஎஸ்ஸோடு வந்தது.

பழையஇரும்பு: 1985இல் ஈடாக் கம்பெனி கார் நேவிகேஷன் மேப்பைக் கேசட்டில் கொடுத்தது. அதையும் கணக்கில் சேர்க்கமாட்டீர்களா?

நட்டுபோல்ட்டு: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம், புது டயர் பழையதைவிடச் சின்னதா? அப்படியென்றால் அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகம் சுற்றும், பெட்டி நிறையத் தூரம் போனதாக நினைத்துக்கொள்ளும். செட்டிங்கில் தூரத் திருத்தம் என்று ஏதாவது இருந்தால் அதை அழித்துவிட்டு, திறந்த வெளியில் நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். திரையில் செயற்கைக்கோள் குறி எரிகிறதா என்றும் பாருங்கள். எரியாவிட்டால் ஆன்டெனா ஒயர்.

கியர்வாத்தியார்: நான் சொன்னதைத்தான் நீட்டிச் சொல்கிறார்.

அவசரம்90: டயர் போன மாதம் மாற்றியது, ஒரு சைஸ் கம்மி. திருத்தத்தை அழித்தேன், சரியாகிவிட்டது. குறி எரிகிறது. தேதி மட்டும் அப்படியே. நன்றி.

விண்மீன்: தேதிக்கு நான் சொன்னதுதானே காரணம்!

பழையஇரும்பு: அது இருக்கட்டும், கேசட்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.