செம்பனைக் கிராமத்தில் ஏழையே இல்லையாம்! அந்த ஏழரை ஹெக்டேர் கணக்கு

ஆற்றோரம்:
"இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் செம்பனை, அதாவது பாமாயில் பனை, போட்ட கிராமத்து ஆட்கள் ஏழைகள் என்பது கட்டுக்கதை. குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் சும்மா கிடைத்தது. இன்றைக்கு வாசலில் ஃபார்ச்சூனர் கார் நிற்கிறது." நேற்று ரப்பர் விலை இழையில் கிள்ளான் மூர்த்தி அண்ணன் உதிர்த்த முத்து இது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே சங்காவ் மாவட்டத்துப் பக்கம் செம்பனைக் கம்பெனி வந்தபோது தயாக் பழங்குடிக் குடும்பங்கள் ஆளுக்கு ஏழரை ஹெக்டேர் கொடுத்தன. ஐந்து கம்பெனித் தோட்டத்துக்குப் போனது. அரை ஹெக்டேர் வீடு, சாலை என்று போனது. மிச்சம் 2 ஹெக்டேர்தான் 'பிளாஸ்மா' என்ற பெயரில் திரும்பி வந்தது, அதுவும் நடவுச் செலவைக் கடனாகத் தலையில் கட்டி. இதற்குப் பெயர் சும்மாவா அண்ணே?

கிள்ளான்_மூர்த்தி:
முத்தோ பவளமோ, பார்த்ததைத்தான் எழுதினேன். கலிமந்தான் தோட்டத்தில் பல வருடம் அசிஸ்டென்டாக வேலை பார்த்தவன் நான். தம்பி எதையோ படித்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் மில்லைச் சுற்றியிருந்தவை எல்லாம் குடியேற்றக் கிராமங்கள். ஜாவாவிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு பாயும் கொண்டு வந்தவன் ஏழரை ஹெக்டேருக்கு எங்கே போவான்? அரசாங்கம் பலகை வீடு கொடுத்தது, மனை கொடுத்தது, 2 ஹெக்டேர் செம்பனை கொடுத்தது. குலை விற்ற காசில் 30 சதவீதம் கடனுக்குப் பிடித்தார்கள். கடன் முடிந்ததும் வங்கியிலிருந்து பத்திரம் கைக்கு வந்தது. என் கேள்வி ஒன்றுதான்: அந்த ஏழரை எங்கே?

கோபி_சம்சாரி:
ஏழரை எங்கே என்று தேடிப் போய் வாங்கிக்கொள்ளும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். சனி பகவானுக்கே கூச்சமாக இருக்கும்.

ஆற்றோரம்:
ஜாவாக்காரருக்கு அளந்து கொடுத்த நிலம் வானத்திலிருந்தா விழுந்தது? அதுவும் யாரோ ஒரு தயாக் குடும்பம் நெல் போட்டு, தரிசு விட்டு, சுற்றி வந்த நிலம்தான். தெம்பாவாங் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா அண்ணே? பழைய நீளவீடு இருந்த இடத்தில் டுரியானும் தெங்காவாங் என்ற எண்ணெய்க்கொட்டை மரமும் வளர்ந்து நிற்கும் தோப்பு. நட்ட தாத்தாவின் வாரிசுகள் எல்லோருக்கும் அதில் பங்கு. ஒருத்தர் தனியாக விற்க முடியாது. அதற்குப் பத்திரமும் கிடையாது. பத்திரம் இல்லாததால் காலி நிலம் என்று எழுதிவிட்டார்கள். ஏழரை கொடுத்தார்கள். மறுபடியும் சொல்கிறேன், ஏழரை.

சட்டம்_பேசு:
இருவரும் ஏழரையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறீர்கள். பெரிய விஷயம் அந்த ஐந்து ஹெக்டேர். 1960 நிலச் சட்டப்படி தனியாருக்கு முழு உரிமை என்றால் அது 'ஹாக் மிலிக்', இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும். கம்பெனி அதை வாங்க முடியாது. கம்பெனிக்குக் கிடைப்பது 'ஹாக் குனா உசாஹா', அதாவது அரசு நிலத்தில் பயிர் செய்யும் உரிமை. 35 வருடம் வரை, அப்புறம் 25 வருடம் நீட்டிப்பு. கிராமத்துக்காரர் கம்பெனிக்கு இரவல் கொடுத்ததாக நினைத்துக் கைநாட்டு வைத்தார். அந்தக் காகிதம் போட்டதுமே நிலம் அரசு நிலமாகிவிட்டது. தவணை முடிந்தால் அரசிடம்தான் திரும்பும், அவர் பேரனிடம் இல்லை. 2012 அரசியல் சாசன நீதிமன்ற வழக்கில் பழங்குடிக் காடு அரசுக் காடு அல்ல என்று தீர்ப்பு வந்தது, ஆனால்…

கிள்ளான்_மூர்த்தி:
வக்கீல் சார், கட்டுரை அருமை. அதில் ஏழரை எங்கே வருகிறது?

கணக்குப் பேசலாம், வாருங்கள். 2 ஹெக்டேரில் நல்ல பருவத்தில் மாதம் 3 டன் குலை இறங்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு வெட்டு. கிலோ 3,000 ரூபியா என்றால் 90 லட்சம் ரூபியா. உரம், வெட்டுக்கூலி, லாரி எல்லாம் போனாலும் மிஞ்சும். நான் போன புதிதில் அந்தக் கிராமங்களில் சாயங்காலம் ஆறிலிருந்து நள்ளிரவு வரைதான் ஜெனரேட்டர். மழை பெய்தால் செம்மண் சாலையில் லாரி அச்சுவரை புதையும். மூன்று நாள் உப்புக்கருவாடும் மீ (நூடுல்ஸ்) குழம்பும்தான். நான் கிளம்பி வரும்போது அதே சாலையில் சம்பள நாள் சந்தையில் தங்கக் கடை போட்டிருந்தான். ஏழைக் கிராமத்தில் எவனாவது தங்கக் கடை போடுவானா?

கோபி_சம்சாரி:
அண்ணன் கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்களே, அப்போது கிலோ என்ன விலை? தடை நீங்கிய பிறகும் சில இடங்களில் 1,000 ரூபியாவுக்குக் கீழே போனது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் மில்லில் சேர்க்காவிட்டால் கொழுப்பு அமிலம் ஏறி விலை போகாது. மில் வாசலில் லாரி வரிசை. மஞ்சளை ரெண்டு வருடம் இருப்பு வைத்து விற்கிற ஊர்க்காரன் நான். இதை விவசாயம் என்று சொல்லவே எனக்குக் கை கூசுகிறது.

கிள்ளான்_மூர்த்தி:
மஞ்சளைப் பற்றி ஈரோட்டு இழையில் பேசுங்கள். ஏழரைக்கு ஆதாரம் கேட்டால் ஏற்றுமதித் தடை வருகிறது.

ஆற்றோரம்:
ஆதாரமா? 2023 அக்டோபரில் செருயான் மாவட்டம் பங்கால் கிராமத்தில் என்ன நடந்தது? கம்பெனி தர வேண்டிய பிளாஸ்மாவைத் தரச் சொல்லிப் போராடினார்கள். போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தார். தோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுற்றுவட்ட மக்களுக்குத் தோட்டம் அமைத்துத் தர வேண்டும் என்று 2007இலேயே விதி வந்துவிட்டது. சும்மா கிடைப்பதற்கு யாராவது குண்டடி படுவார்களா?

கிள்ளான்_மூர்த்தி:
செருயான் இருப்பது மத்தியக் கலிமந்தான். நான் எழுதியது மேற்கு. முதலில் வரைபடம் பாருங்கள் தம்பி.

மலர்_பந்திங்:
மூர்த்தி அண்ணே, எல்லோரும் நிலம் உள்ளவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். லயத்தில், அதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. புளோரஸ், திமோர் தீவுகளிலிருந்து வந்த குடும்பம், கம்பெனி வீடு, கம்பெனித் தண்ணீர். ஆண் குலை வெட்டுவார், மனைவி நாள்கூலிக்கு உதிரிப்பழம் பொறுக்குவாள், மருந்தடிப்பாள். வேலை போனால் வீடும் போகும். அவர்களுக்கு ஏழரையும் இல்லை, இரண்டும் இல்லை. அவர்களும் அந்தக் கிராமத்து ஆட்கள்தானே?

கிள்ளான்_மூர்த்தி:
லயத்தைப் பற்றி எனக்கே பாடமா தங்கச்சி? நான் லயத்தில் பிறந்தவன். எங்கள் அப்பா பால்மரம் (ரப்பர்) வெட்டியே முதுகு கூனிப் போனவர். தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றபோது, வீட்டைக் காலி செய் என்று ஒரு கடிதமும் ஒரு சொற்பத் தொகையும்தான் கிடைத்தது. அரை ஏக்கர்கூட இல்லை. சொந்தப் பெயரில் 2 ஹெக்டேர் பத்திரம் வைத்திருப்பவனை ஏழை என்று யாராவது எழுதினால் எனக்கு வயிறு எரியும். எரியத்தான் செய்யும்.

ஆற்றோரம்:
அதனால் அவர்கள் கொடுத்த ஏழரை இல்லை என்று ஆகிவிடுமா? உங்கள் கோபம் மலேசியாவின் கிள்ளானில், தீர்ப்பு சங்காவிலா?

சட்டம்_பேசு:
இன்னொன்று. பிந்தைய பிளாஸ்மா திட்டங்கள் பலவற்றில் கம்பெனியே மொத்தத்தையும் நிர்வகிக்கும். பிடித்தம் போக மாதம் ஒரு தொகை வரும். தன் 2 ஹெக்டேர் எந்த பிளாக்கில் இருக்கிறது என்பதே உறுப்பினருக்குத் தெரியாது. ஊர்த் தலைவர் எழுதிக் கொடுக்கும் நிலச் சீட்டை வைத்து ஒரே இடத்தை இரண்டு பேருக்கு விற்ற வழக்குகளும்…

கிள்ளான்_மூர்த்தி:
வக்கீலுக்கு ஃபீஸ் யார் கொடுக்கிறார்கள்?

கோபி_சம்சாரி:
அது கிடக்கட்டும். ஃபார்ச்சூனர் யாருடையது என்று அண்ணன் இன்னும் சொல்லவில்லை. குலை வாங்கும் தவுக்கே, அதாவது வியாபாரி முதலாளியுடையதுதானே? கடன் கொடுத்து, எடையில் கழித்து, நாலைந்து பேருடைய பிளாஸ்மாவைச் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டவர் ஊருக்கு ஒருத்தர் இருப்பார். அவர் வாசலைப் பார்த்துவிட்டு ஊரே பணக்கார ஊர் என்கிறீர்கள்.

கிள்ளான்_மூர்த்தி:
ஒன்று இல்லை, ஒரே தெருவில் நாலு வண்டி. போட்டோ இருக்கிறது, போடுகிறேன்.

கோபி_சம்சாரி:
டுரியான் இழையிலும் போட்டோ இருக்கிறது என்றீர்கள். இன்னும் காத்திருக்கிறோம்.

கிள்ளான்_மூர்த்தி:
அதைப் போட்டேன். அட்மின் தூக்கிவிட்டார். ஏன் தூக்கினார் என்று அவரிடம் போய்க் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.