வீட்டுக்கு ஒரு டெப் வாங்கலாமா, இல்லை அந்தக் காசை வேறு எதற்காவது போடலாமா?

லிந்துலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் கடையில் வேலை செய்கிற தம்பி, தீபாவளிக்கு வரும்போது வீட்டுக்கு ஒரு டெப் (டெப்லட்) வாங்கி வருகிறேன் என்று நிற்கிறான். அறுபதாயிரம், மிஞ்சினால் எழுபது வரை போடலாமாம். கொஞ்சம் பொறுடா, கேட்டுச் சொல்கிறேன் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்தக் காசு மறுபடி கையில் சேர எத்தனை மாதம் ஆகும் என்று எங்களுக்குத்தான் தெரியும், வாங்கி நாலு நாள் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் போகிற சாமானாக அது ஆகிவிடக்கூடாது.

வீட்டு நிலைமை இதுதான். மகள் பத்தாம் ஆண்டு, அடுத்த வருடம் ஓ.எல். மகன் நாலாம் ஆண்டு, அவனுக்கும் அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. இரண்டு பேருக்கும் வட்ஸ்அப்பில் வருகிற பேப்பர், சூம் வகுப்பு எல்லாம் என் ஒரே போனில்தான். அம்மா கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர், கண் கொஞ்சம் மங்கல், அவருக்கு நாடகம் பார்க்கவும் கட்டாரில் இருக்கிற அண்ணனோடு வீடியோ கோல் பேசவும் அதே போன். நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில் வேலை, மாதாமாதம் ஓர் அறிக்கை டைப் பண்ணிக் கொடுக்க வேண்டும், இப்போதைக்கு டவுனில் கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்துச் செய்கிறேன். டெப் வந்தால் இவ்வளவும் அதில் முடியுமா? சிம் போடுகிற டெப் நல்லதா, வைபை மட்டும் உள்ளது போதுமா? இல்லை, பழைய லெப்டொப் ஒன்று எடுப்பது புத்தியா?

சிங்கமலை:

அக்கா, டெப் வேண்டாம். அது பெரிய போன், அவ்வளவுதான். போனில் செய்கிறதைத்தான் அதிலும் செய்வீர்கள், ஆனால் சட்டைப் பையில் போடவும் முடியாது, ஒழுங்காக டைப் பண்ணவும் முடியாது. அந்தக் காசுக்கு ஓர் ஒபிஸில் கழித்துவிட்ட லெப்டொப் வாங்கலாம், கொழும்பு யுனிட்டி பிளாசா பக்கம் தம்பியை ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மகள் ஏ.எல். போனாலும், அதற்குப் பிறகு கெம்பஸ் போனாலும் லெப்டொப்தான் கேட்பார்கள், டெப் இருக்கிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ராகலை டீச்சர்:

சிங்கமலை தம்பி சொல்வதில் பாதிதான் சரி. பழைய லெப்டொப் என்று சும்மா சொல்லிவிட முடியாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சிப் வேண்டும். எழுபதாயிரத்துக்குக் கழித்துவிடும் மெஷின்களில் நிறைய அதற்கு முந்தியவை, பெட்டரியும் செத்திருக்கும். கரண்ட் போனால் அதுவும் போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்போது எங்கள் பிள்ளைகளில் வகுப்புக்கு வந்தவர்கள் போனும் டெப்பும் வைத்திருந்தவர்கள்தான்.

ஆனால் தங்கச்சி, பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லி விற்பார்கள், அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பாடப்புத்தகத்துக்காக டெப் தேவையில்லை. அரசாங்கம் அச்சடித்தே இலவசமாகத் தருகிறது, தொலைந்துபோனால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பிடிஎப் ஆக இருக்கிறது. உண்மையில் உதவுவது கடந்தகால வினாத்தாள்களுக்கும், கல்வி வலயத்திலிருந்து வருகிற மாதிரித்தாள்களுக்கும்தான். ஏ4 தாளில் இரண்டு பத்தியாக அடித்த விஞ்ஞான பேப்பரைப் போனில் பெருப்பித்து, இழுத்து, படத்தை ஒரு பக்கமும் கேள்வியை ஒரு பக்கமும் தேடிப் பிள்ளை களைத்துப்போகும். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்கக் கட்டுப்படியாகாது. மகளுக்கு இதனால் நிச்சயம் பலன் இருக்கும். அரசாங்கத்தின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ் மொழிமூலப் பாடங்களும் இருக்கின்றன, அதையும் பார்க்கலாம்.

மகனுக்கு வேண்டாம் என்பேன். புலமைப்பரிசில் பரீட்சை பென்சிலும் கடதாசியும், அவன் கை வேகம் கடதாசியில்தான் வரும். டெப்பில் பேப்பர் செய்கிறேன் என்று உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் கேமில் கார் ஓட்டிக்கொண்டிருப்பான்.

இன்னொன்று, உங்கள் அறிக்கை. மேலிடத்திலிருந்து படிவத்தை வேர்ட் பைலாக அனுப்புகிறார்களா? அது பாமினி என்கிற பழைய பொன்டா, எங்கும் தமிழாகத் தெரிகிற யுனிகோடா?

லிந்துலைக்காரி:

பாமினிதான் டீச்சர். போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குழப்பமாகத் தெரியும், அதனால்தான் கடைக்கே போகிறேன். டெப்பிலும் அப்படித்தானா?

ராகலை டீச்சர்:

அப்படித்தான். அந்த பொன்டில் அடித்த பைலுக்குள் இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான், பாமினி இருக்கிற இடத்தில் மட்டும் அது தமிழாகத் தெரியும். டெப்பில் சாதாரணமாக அது இருக்காது. பிடிஎப் ஆக்கி அனுப்பினால் பொன்டும் பைலோடு சேர்ந்து வரும், அப்போது வாசிக்கலாம், ஆனால் நிரப்பித் திருத்த முடியாது. யுனிகோடாக மாற்றுகிற தளங்கள் இருக்கின்றன, வெறும் பந்தி என்றால் அவை போதும், கட்டம் போட்ட படிவத்தில் அந்த வேலை பெரிய தலைவலி. யுனிகோடில் தந்தால் ஏற்றுக்கொள்வார்களா என்று உங்கள் ஒபிஸில் கேட்டுப் பாருங்கள். மாட்டோம் என்றால் அந்த ஒரு வேலை கடையிலேயே நடக்கட்டும், மாதம் ஒருமுறைதானே. அதற்காக லெப்டொப் வாங்குவதும் சரியில்லை, அதைச் செய்யத்தான் டெப் என்று நினைப்பதும் சரியில்லை.

ஊவாக்காரன்:

நான் பண்டாரவளையில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், அதனால் சாமானைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெயர் தெரியாத டெப்களைத் தொடவே வேண்டாம். பெட்டியில் 12 ஜிபி ரேம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், உள்ளே இருப்பது 4 ஜிபி, மீதி எட்டும் ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கிய கணக்கு, அதனால் வேகம் ஒன்றும் கூடாது. அதில் கண்ணாடி உடைந்தால் மலைநாட்டில் எந்தக் கடையிலும் டிஸ்ப்ளே கிடைக்காது, கொழும்பிலும் சந்தேகம். தெரிந்த கம்பனி என்றாலும் டெப்புக்கு உதிரிப்பாகம் போனுக்கு மாதிரி உடனே வராது, சொல்லி எடுப்பிக்க வேண்டும். அதனால் டெப் வாங்குகிற அன்றே தடித்த ரப்பர் கவரும் கண்ணாடி ஒட்டும் வாங்குங்கள், அதற்கும் சேர்த்துத்தான் அந்த எழுபதாயிரம்.

அளவு முக்கியம். உதாரணத்துக்கு சாம்சங்கின் ஏ9 என்பது 8.7 அங்குலம், ஏ9 பிளஸ் 11 அங்குலம். டீச்சர் சொன்ன வினாத்தாள் வேலைக்கு 8.7 சின்னது, போனில் பட்ட பாட்டில் பாதி அதிலும் படுவீர்கள். உங்கள் காசுக்குள் 11 அங்குலத்தில் எது வருகிறதோ அதைப் பாருங்கள், மெமரி கார்ட் போடுகிற இடமும் இருக்கட்டும், 64 ஜிபி என்று எழுதியதில் சிஸ்டமே ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும்.

பழைய ஐபேட் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 2014இல் வந்த ஐபேட் எயார் 2, 2015இல் வந்த மினி 4 இரண்டும் ஐபேட் ஓஎஸ் 15இலேயே நின்றுவிட்டன, 2018 ஐபேட் 17ஓடு நின்றுவிட்டது. இன்றைக்கு வேலை செய்யும், கொஞ்ச நாளில் ஒவ்வொரு செயலியாக இதில் போட முடியாது என்று சொல்லத் தொடங்கும்.

சிம் போடுகிறது என்றால் ஐஎம்இஐ என்கிற அதன் அடையாள இலக்கம் பதிவானதா என்று வாங்கமுதல் பாருங்கள். பெட்டியில் அல்லது செட்டிங்கில் இருக்கிற அந்தப் பதினைந்து இலக்கத்தை, முன்னால் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் பதில் வரும். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்புறம் எங்கள் ஊர்ப் பிரச்சினை. சமையல் அறையில் விறகடுப்பு என்றால் டெப்பை அங்கே சார்ஜில் போடாதீர்கள், புகையும் ஈரமும் சார்ஜிங் வாயில் படிந்து பச்சை பிடிக்கும். மழை, மூட்டம் அடிக்கிற நாளில் சார்ஜர் குத்தினால் ஈரம் இருக்கிறது என்று சொல்லி ஏற மறுக்கிற டெப்களும் இருக்கின்றன, அது பழுதல்ல, துடைத்துக் காயவிட்டால் சரி. மார்ச், ஏப்ரல் மற்றும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி இருக்கிறதே, அந்த நேரம் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். என் கடைக்கு வருகிற சார்ஜிங் கோளாறுகள் அந்த மாதங்களில்தான் குவியும்.

சிங்கமலை:

பாமினி விசயம் எனக்குத் தோன்றவில்லை, அது டீச்சருக்கு ஒரு புள்ளி. ஆனாலும் நான் லெப்டொப் கட்சிதான். வீட்டில் நாலு பேருக்கு ஒரு டெப் என்றால் யார் கையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மகன் கையில்தான். ஓ.எல். பிள்ளைக்கு என்று வாங்கியது கடைசியில் கார்ட்டூன் பெட்டி ஆகும்.

லிந்துலைக்காரி:

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று, முதலில் எழுத மறந்துவிட்டேன். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) காம்பராவுக்குள், அதாவது அறைக்குள் சிக்னல் இல்லை. வாசலுக்கு வந்தால் ஒரு கோடு, கோயில் மேட்டுக்குப் போனால் நன்றாக இருக்கும். கொரோனா காலத்தில் மகள் அந்த மேட்டில் குடையோடு உட்கார்ந்துதான் படித்தாள். இதில் சிம் டெப் வாங்கினால் உள்ளே எடுக்குமா?

பத்தனைச்சந்தி:

எடுக்காது. அதனால்தான் சிம் டெப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்கிறேன். தகரக் கூரை சிக்னலை மறைக்கும், டவர் இருக்கிற பக்கம் மலை இருந்தால் அதோடு சரி. சிம் டெப் கையில் இருக்கும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அது சிக்னல் தேடும், தேடித் தேடியே பெட்டரியைத் தின்னும். வைபை டெப் என்றால் சிக்னல் பிடிக்கிற வேலையை வேறொரு சாமான் செய்யும், அதை எங்கே கோடு வருகிறதோ அங்கே வைக்கலாம்.

முதலில் செலவில்லாமல் சோதித்துப் பாருங்கள். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, கோடு வருகிற பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் போன் ஒன்றில் அந்த வைபையைப் பிடித்து உள்ளே உட்கார்ந்து ஒரு வீடியோ பாருங்கள். ஓடினால் வைபை டெப் போதும். போனை அப்படி நாள் முழுக்க வைக்க முடியாது என்றால் பிறகு ஒரு 4ஜி ரவுட்டர், வெளி அன்டெனா குத்துகிற வகை பார்த்து எடுங்கள், கரண்ட் போகிறபோது ஓட அதற்கு ஒரு சின்ன மினி யூபிஎஸ். எந்தக் கம்பனி சிம் என்று இங்கே கேட்காதீர்கள், ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் மாறும், அக்கம்பக்கத்தில் யாருடைய போன் எடுக்கிறது என்று பாருங்கள். ஜன்னலிலும் ஓடவில்லை என்றால் டெப்பே வேண்டாம் என்பேன், மேட்டில் குடை பிடித்துப் படிக்க 11 அங்குலம் எதற்கு?

டேட்டா கணக்கையும் இப்போதே போடுங்கள், டெப் விலையைவிட மாதச் செலவுதான் கடைசியில் கடிக்கும். யூடியூப் 480 என்ற படத் தரத்தில் பார்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி, 1080 என்றால் ஒன்றரை, இரண்டு என்று போகும். பெரிய திரை என்றவுடன் அது தானாகவே தரத்தைக் கூட்டிவிடும், அம்மாவின் நாடகம் ஒரு கிழமையில் பெக்கேஜை முடித்துவிடும். 480இல் பூட்டி வைத்துவிடுங்கள், அவருக்கு எழுத்தா வேண்டும், முகம் தெரிந்தால் போதும். மகளின் பாடங்களை இரவு டேட்டாவில் இறக்கி வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு பலனை யாரும் சொல்லவில்லை. நூலகம் என்கிற இணையத் தளத்தில் 2005இலிருந்து நம் நாட்டுத் தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகள் எல்லாம் ஸ்கேன் பண்ணிப் போட்டு வருகிறார்கள், மலையகத்துப் பழைய இதழ்களும் அதில் உண்டு, எல்லாம் இலவசம். போனில் அதை வாசிக்கக் கண் வலிக்கும், டெப்பில் சுகம். நான் டெப் வைத்திருப்பதற்கு இது ஒன்றே எனக்குக் காரணம், மற்றதெல்லாம் போனிலேயே முடிந்துவிடும்.

லிந்துலைக்காரி:

ஜன்னலில் வைத்துப் பார்த்தேன் அண்ணா. பின்பக்க ஜன்னலில் ஓடுகிறது, மூட்டம் இறங்கின பிறகும் நிற்காமல் ஓடியது. ஒபிஸில் கேட்டதற்கு பாமினி படிவம்தான் வேண்டுமாம், ஆகவே அறிக்கை கடையில்தான். தம்பியிடம் 11 அங்குலம், வைபை மட்டும், தெரிந்த கம்பனி, கவர், கண்ணாடி ஒட்டு என்று எழுதி அனுப்பிவிட்டேன். மிஞ்சுகிற காசு டேட்டாவுக்கு. சிங்கமலை தம்பி சொன்ன கார்ட்டூன் பெட்டி விசயத்துக்கு ஏதாவது வழி இருக்கிறதா? வட்ஸ்அப்பும் என் நம்பரில்தானே இருக்கிறது, டெப்பில் வருமா?

ஊவாக்காரன்:

வட்ஸ்அப் வரும், புது நம்பர் வேண்டாம். டெப்பில் வட்ஸ்அப்பைப் போட்டு, உங்கள் போனில் லிங்க்ட் டிவைசஸ் என்ற இடத்துக்குப் போய் டெப்பில் காட்டுகிற கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்தால் இரண்டிலும் ஒரே வட்ஸ்அப். உங்கள் செய்திகளையும் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்.

கார்ட்டூனுக்கு வழி இருக்கிறது. அன்ட்ரொய்ட் டெப்களில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு கணக்கு என்று பிரிக்கலாம், ஐபேட்டில் வீட்டுப் பாவனைக்கு அந்த வசதி இல்லை. மகளுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் வேறு பூட்டு. மகன் கணக்கை கூகிளின் பெமிலி லிங்க்கில் உங்கள் போனோடு இணைத்தால் எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று நீங்கள் மடுவத்தில் இருந்தே வைக்கலாம். முதல் நாளே செய்துவிடுங்கள், ஒரு கிழமை விட்டால் அவன் அழுவான்.

சிங்கமலை:

அவன் அக்காவின் பூட்டு இலக்கத்தை ஒரே நாளில் பார்த்துவிடுவான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மகளைக் கைரேகை அல்லது நீளமான பாஸ்வேட் போடச் சொல்லுங்கள், கோடு இழுக்கிற பூட்டு வேண்டாம், கண்ணாடியில் விரல் அடையாளமே காட்டிக்கொடுத்துவிடும்.