16ஆ, 15.5ஆ? டைல் பெட்டிக் கணக்கும் திருகோணமலை மேசன்மாரும்

உப்புவெளி அக்கா:
நேற்று வேறு திரியில் தெகிவளைவாசி எழுதியதை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 640 சதுர அடி வீட்டுக்கு 2க்கு 2 டைல் 40 பெட்டி போதுமாம். இலங்கையில் எந்த ஊரென்றாலும் டைல், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 600 ரூபாவாம். அதற்கு மேல் கேட்கிற திருகோணமலை மேசன் கொள்ளைக்காரனாம். என் அப்பா முப்பது வருடம் இந்த ஊரில் மேசன் வேலை செய்தவர். அந்தச் சொல்லை அவர் திருப்பி எடுக்க வேண்டும். அதோடு, ஒரு பெட்டியில் 16 சதுர அடி கிடையாது. 15.5தான்.

தெகிவளைவாசி:
2 அடிக்கு 2 அடி, 4 சதுர அடி. பெட்டிக்குள் 4 டைல். ஆக 16. நான்காம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

உப்புவெளி அக்கா:
பெட்டியில் அச்சடித்திருப்பதை வாசியுங்கள் தம்பி. 600க்கு 600 மில்லிமீட்டர். 2 அடி என்றால் 609.6 மில்லிமீட்டர். நாலு டைலும் சேர்ந்து 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. 640ஐ அதால் வகுத்தால் வெட்டுக்கழிவு இல்லாமலே 42 பெட்டி வேண்டும். பத்து வீதம் கழிவு வைத்தால் 46. உங்கள் 40 பெட்டியை நம்பி வேலை தொடங்குகிறவன் கடைசி அறையில் வெறும் சீமெந்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான்.

மூதூர் நானா:
அக்கா சொல்வது சரி. ஆனால் 600 ரூபா என்பதுதான் பெரிய பிழை. டைல் வருவது ஹொறணை, றணாலைப் பக்கமிருந்து. தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் தாண்டி 250 கிலோமீட்டருக்கு மேல் லொறி ஓட வேண்டும். வழியில் உடைகிற டைலை யார் தலையில் கட்டுவது? தெகிவளையில் கடைக்காரன் முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

தெகிவளைவாசி:
மூதூரில் மகாவலி மணல் வாசலில் கிடக்கிறது. சீனக்குடாவில் சீமெந்துத் தொழிற்சாலையே இருக்கிறது. மணலும் சீமெந்தும் காலடியில் இருக்கும்போது உங்கள் ஊரில் எங்களை விட மலிவாக அல்லவா இருக்க வேண்டும்? வித்தியாசம் யாருடைய பைக்குள் போகிறது? பெட்டி 16தான். டைலுக்கு இடையில் இடைவெளி விட்டுத்தானே பதிக்கிறார்கள், குறைகிற அளவை அது நிரப்பிவிடும்.

உப்புவெளி அக்கா:
நிரப்புமா? 600 மில்லிமீட்டர் டைல் 2 அடியை எட்ட 9.6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விடுகிற மேசனை நான் இந்த ஊரில் கண்டதில்லை. சுண்டுவிரல் போகிற இடைவெளி விட்டு உங்கள் வீட்டில் பதித்தார்கள் என்றால் படம் போடுங்கள், பார்ப்போம்.

மூதூர் நானா:
மணல் வாசலில் கிடக்கிறதாம்! அனுமதிப்பத்திரம், டிப்பர் வாடகை, ஏற்றுகூலி எல்லாம் கொடுத்துத்தான் எங்களுக்கும் ஒரு கியூப், அதாவது 100 கன அடி மணல், வந்து சேர்கிறது. கிண்ணியாவில் இருக்கிறவரும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். சும்மா அள்ளிக்கொண்டு வருகிறோம் என்ற நினைப்பா?

லிங்கநகர் தம்பி:
அந்த 640 சதுர அடி வீடு என்னுடையதுதான். கூடம் 20க்கு 16, அறை இரண்டும் 12க்கு 10, குசினி 10க்கு 8. பழைய சீமெந்து நிலம், ஒரு பக்கம் சரிவு. மேசன் எல்லாம் சேர்த்து 5 லட்சத்து 20 ஆயிரம் கேட்கிறார். கூடுதலா, சரியா?

தெகிவளைவாசி:
640ஐ 600ஆல் பெருக்குங்கள். 3 லட்சத்து 84 ஆயிரம். மிச்சம் முழுக்கக் கொள்ளை.

உப்புவெளி அக்கா:
மறுபடியும் அந்தச் சொல். தம்பி லிங்கநகர், உங்கள் நிலம் சரிவு. ஒரு அங்குலம் மட்டம் எழுப்பினாலே 53 கன அடி சாந்து போகும். சீமெந்து, மணல், கூலி எல்லாம் அதற்குத் தனி. அடுத்தது ஸ்கேட்டிங், அதாவது சுவரின் அடியோரம் ஒட்டுகிற டைல் பட்டி. நாலு வீட்டுப்பகுதிக்கும் சுற்றளவு 196 அடி. கதவுவாய்களைக் கழித்து 170 அடி என்று வையுங்கள். நாலு அங்குல உயரத்துக்கு ஒரு டைலில் வாள் தின்றது போக ஐந்து துண்டு தேறும். 18 டைல், அதாவது ஐந்து பெட்டி. தெகிவளைவாசியின் கணக்கில் ஸ்கேட்டிங் எங்கே? வெட்டுக்கூலி எங்கே? டைல் மோட்டார், அதாவது டைல் ஒட்டுகிற சாந்து, எங்கே? 2024 தை மாதத்திலிருந்து வற் வரி 18 வீதம். அவருடைய 600 ரூபா எந்தக் காலத்து விலை?

தெகிவளைவாசி:
போன மாதம் என் வீட்டில் பதித்த விலை. எங்கள் மேசனுக்கு மட்டம் பிடிக்கத் தெரியும், அதனால் சாந்து கொட்டி மூட வேண்டிய தேவை வரவில்லை.

மூதூர் நானா:
இந்தக் கதைக்கு நான் பொறுக்க மாட்டேன். புது வீட்டுத் தளத்தில் பதித்துவிட்டு, பழைய சரிவு நிலத்தில் வேலை செய்கிறவனைப் பழிக்கிறீர்கள். நான் பதித்த நிலத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஒரு துளி தேங்காது.

உப்புவெளி அக்கா:
போன வருடம் கூரைத் திரியிலும் இவர்தான். நிலாவெளியில் வீடு கட்டிய ஒரு பிள்ளைக்கு, "எந்தத் தகடும் ஒன்றுதான், மலிவானதைப் போடு" என்றார். கடற்காற்றில் ஆணி அடித்த இடமெல்லாம் இப்போது துரு. அந்தப் பிள்ளையிடம் ஒரு மன்னிப்புக் கேட்டாரா?

தெகிவளைவாசி:
கூரையை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? பெட்டிக் கணக்கில் தோற்றுவிட்டதாலா? பெட்டி 16.

உப்புவெளி அக்கா:
தோற்றேனா? என் கூடத்தின் கிழக்கு மூலையை வந்து பாருங்கள். 16 என்று சொன்ன ஒரு கடைக்காரரை நம்பி இரண்டு பெட்டி குறைவாக எடுத்தோம். திரும்பப் போனபோது அந்த லொட், அதாவது ஒரே தடவையில் செய்த டைல் தொகுதி, முடிந்துவிட்டது. அடுத்த லொட்டின் நிறம் ஒரு பொட்டு மஞ்சள். அப்பாவுக்குக் கண் மங்கிய காலம், அவருக்கே அது தெரிந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அந்த மூலையைத்தான் பார்க்கிறார்கள். 15.5.

லிங்கநகர் தம்பி:
அக்கா, அண்ணை, நாளைக்குக் கடைக்குப் போகிறேன். எத்தனை பெட்டி எடுக்க?

உப்புவெளி அக்கா:
நிலத்துக்கு 46, ஸ்கேட்டிங்குக்கு 5, ஆக 51. எல்லாம் ஒரே லொட் நம்பரா என்று பெட்டி பெட்டியாகப் பார்த்து எடுங்கள். மிஞ்சினதைக் கட்டிலுக்கடியில் வையுங்கள்.

தெகிவளைவாசி:
கழிவுக்குப் பத்து வீதம் வைத்தாலும் 44. மிச்ச ஏழு பெட்டிக் காசை அக்காவிடம் கேட்டு வாங்குங்கள்.

மூதூர் நானா:
மட்டம் பிடிக்கத் தெரியாது என்று சொன்னதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.